பழைய மெயின்ஃபிரேமுக்கும் மூலப்பத்திரம் உண்டு

2019ஆம் ஆண்டு, ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் கைவிடப்பட்ட ஒரு கட்டடத்திலிருந்து ஒரு பொருள் இணைய ஏலத்துக்கு வந்தது. 'பூமா கம்ப்யூட்டர் ஐபிஎம் 2020' என்று தலைப்பு போட்டிருந்தார்கள். பலருக்கு அதைப் படித்தும் ஒன்றும் புரிந்திருக்காது. இங்கிலாந்தைச் சேர்ந்த இரண்டு பேருக்கு மட்டும் 2020 என்ற எண் கண்ணில் பட்டதும் பொறி தட்டியது. அது ஆண்டு அல்ல. ஐபிஎம் சிஸ்டம்/360 குடும்பத்தில் மாடல் 20 என்ற கணினியின் மையப் பெட்டிக்கு அந்த நிறுவனம் கொடுத்த வகை எண். 3,710 யூரோவுக்கு ஏலம் எடுத்தார்கள். நேரில் போய்ப் பார்த்தால் அதே கட்டடத்தில் சிஸ்டம்/370 மாடல் 125 என்ற இன்னொரு பெரிய கணினியும் தூசி படிந்து நின்றது.

நான்கு இலக்கம்தான். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்ததால் இரண்டு அரிய இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போகாமல் தப்பின. இந்தப் படிக்கும் கலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பழைய மெயின்ஃபிரேம் ஒன்று எங்கிருந்து வந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மெயின்ஃபிரேம் என்றால் ஒரு வங்கிக்கோ, காப்பீட்டு நிறுவனத்துக்கோ, பல்கலைக்கழகத்துக்கோ மொத்தமாகக் கணக்குப் போட்டுத் தந்த பெரிய கணினி. 1960களில் அதற்குத் தனிக் கூடமே வேண்டும். மையப் பெட்டி ஒரு பக்கம், டேப் சுழலும் பீரோக்கள் ஒரு பக்கம், பஞ்ச் கார்டு (துளை குத்தித் தகவல் பதிந்த அட்டை) படிக்கும் இயந்திரம், பிரிண்டர், தரைக்கு அடியில் கை தடிமனுக்கு கேபிள்கள். ஒவ்வொன்றும் தனிப் பெட்டி, தனி எண். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, 'எங்கிருந்து வந்தது' என்று எதைக் கேட்கிறோம்? நிலம் வாங்கப் போகும்போது பட்டாவில் பெயர் இருந்தால் போதும் என்று நாம் விடுவதில்லை. மூலப்பத்திரம் கேட்கிறோம். வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆண்டு கைமாறியது, நடுவில் ஒரு பத்திரம் விட்டுப்போயிருக்கிறதா என்று வரிசையாகக் கோத்துப் பார்க்கிறோம். கணினிக்கும் இதேதான். ஆனால் நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும். கணினி லாரி ஏறும், கப்பல் ஏறும், உள்ளே பாகம் மாறும், பெயரும் மாறும். அதனால் ஒரு கேள்வி மூன்றாகப் பிரிகிறது: இந்த வகைக் கணினியை வடிவமைத்தது யார்? இந்தக் குறிப்பிட்ட பெட்டி எந்தத் தொழிற்சாலையில், எப்போது உருவானது? அதன் பிறகு எங்கெல்லாம் வேலை செய்தது?

மூன்றுக்கும் விடை வேறு வேறு ஊராக இருக்கலாம். 1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360ஐ அமெரிக்கக் கணினி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதில் மாடல் 40 இங்கிலாந்தின் ஹர்ஸ்லி ஆய்வகத்தில் உருவானது. நியூரம்பெர்க்கில் கிடைத்த மாடல் 20 ஜெர்மனியின் போப்ளிங்கன் ஆய்வகத்தில் வடிவமைக்கப்பட்டது. பக்கத்தில் நின்ற 370/125உம் அங்கே வடிவமைக்கப்பட்டதுதான். ஆக, அமெரிக்க முத்திரை தாங்கிய இரண்டு ஜெர்மன் வடிவமைப்புகள், ஜெர்மன் நகரம் ஒன்றிலேயே கடைசிக் காலத்தைக் கழித்திருக்கின்றன.

தேடல் வழக்கமாகப் பெயர்த்தகட்டில்தான் தொடங்கும். பெட்டியின் பின்பக்கமோ, கதவைத் திறந்தால் உள்ளேயோ சின்ன உலோகத் தகடு இருக்கும். வகை எண், மாடல், சீரியல் நம்பர், எத்தனை வோல்ட், எத்தனை ஹெர்ட்ஸ். ஐபிஎம் 360 பெட்டிகளில் 2030 என்றிருந்தால் மாடல் 30, 2065 என்றிருந்தால் மாடல் 65. 2311 என்றால் அது கணினியே இல்லை, டிஸ்க் பெட்டி. 1403 பிரிண்டர். புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடம் இதுதான். பிரிண்டரின் தகட்டைப் படித்துவிட்டு அதுவே முழுக் கணினியின் அடையாளம் என்று எழுதிவைப்பார்கள். ஒரே கூடத்தில் நின்ற பெட்டிகள் ஒரே நாளில் வந்திருக்க வேண்டியதில்லை. எத்தனை பெட்டியோ அத்தனை சீரியல் நம்பர், அத்தனை தனி வரலாறு.

தகட்டிலுள்ள எழுத்தே ஏமாற்றிய கதையும் உண்டு. 1960களின் கடைசியில் சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்து சிஸ்டம்/360ஐப் பின்பற்றி ஒரு கணினி வரிசையை உருவாக்கத் தீர்மானித்தன. 'ஒருங்கிணைந்த அமைப்பு' என்று பொருள்படும் ரஷ்யச் சொற்களின் முதலெழுத்துகளைப் பெயராக வைத்தார்கள். ரஷ்யர்கள் அதை 'யெ-எஸ்' என்று வாசிப்பார்கள். ஆனால் அந்த இரண்டு ரஷ்ய எழுத்துகளும் பார்வைக்கு ஆங்கிலத்தின் ஈ, சி போலவே இருக்கும். அதனால் பம்பாய் ஐ.ஐ.டி.க்கு வந்த கணினியை இந்தியாவில் எல்லோரும் 'ஈசி-1030' என்றே சொன்னார்கள். பழைய இந்திய ஆவணத்தில் ஈசி என்று தேட வேண்டும், ரஷ்ய ஆவணத்தில் யெஎஸ் என்று தேட வேண்டும். இரண்டும் ஒன்று என்று தெரியாதவர் பாதிக் கதையைத் தவறவிடுவார்.

தகடு பெயர்ந்துபோயிருந்தால் என்ன செய்வது? கதவைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இது.

முதலில் தொழில்நுட்பம். வால்வுகள், அதாவது கண்ணாடிக் குழாய் போன்ற பழைய மின்னணுப் பாகங்கள், இருந்தால் பெரும்பாலும் 1950களின் வடிவமைப்பு. சின்னச் சின்ன அட்டைகளில் தனித்தனி டிரான்சிஸ்டர்கள் என்றால் 1950களின் இறுதி, 60களின் தொடக்கம். சிப்கள் நிறைந்த போர்டுகள் என்றால் அதற்கும் பிந்தையது. இது வீட்டின் செங்கல்லைப் பார்த்து வயது சொல்வது மாதிரி தோராயமான கணிப்புதான். துல்லியம் வேண்டுமானால் சிப்களின் முதுகைப் படிக்க வேண்டும். பல நிறுவனங்கள் தங்கள் சிப்களில் நான்கு இலக்கத் தேதிக் குறி அச்சிட்டன. முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டும் அந்த ஆண்டின் வாரம். 7312 என்றால் 1973ஆம் ஆண்டின் 12ஆவது வாரம், அதாவது மார்ச் மாதம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது. 70களில் பரவலாகப் புழங்கிய ஒரு சிப் குடும்பத்தின் எண்களே 74இல் தொடங்கும். 7432 என்பது அதில் ஒரு சிப்பின் பெயர். 1974ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தையும் 7432 என்றுதான் அச்சிடுவார்கள். எது பெயர், எது தேதி? ஒரு சிப்பை மட்டும் பார்த்தால் குழம்பும். பக்கத்திலுள்ள பத்துச் சிப்களையும் பாருங்கள். எந்த எண் சிப்புக்குச் சிப் பெரிதாக மாறுகிறதோ அது பெயர், எது ஒன்றுக்கொன்று நெருக்கமாக வருகிறதோ அது தேதி.

தேதியைப் படித்த பிறகும் அவசரப்படக் கூடாது. ஒரு போர்டில் 1971, இன்னொன்றில் 1978 என்று இருந்தால் இயந்திரம் 1978இல் பிறந்ததாகச் சொல்ல முடியாது. அந்தப் போர்டைப் பழுதுபார்க்க வந்தவர் மாற்றியிருக்கலாம், பிறகு நினைவகத்தைக் கூட்டியிருக்கலாம். பெரும்பாலான பாகங்கள் எந்தக் காலத்தில் குவிகின்றன என்று பார்க்க வேண்டும். குவியலிலிருந்து விலகி நிற்பவை பழுதின் கதையைச் சொல்லும். அதுவும் வரலாறுதான்.

அப்புறம் மின்சாரம். அது விநாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதுதான் ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 50 ஹெர்ட்ஸ். பழைய கணினிகளில் மோட்டார்கள் அதிகம். கார்டு படிப்பதும் அச்சடிப்பதும் மோட்டார் வேகத்தை நம்பியே நடக்கும். எந்த நாட்டு மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டது என்பதை இயந்திரத்தால் மறைக்க முடியாது. கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இரண்டு ஐபிஎம் 1401கள் இன்றும் ஓடுகின்றன. பார்வையாளர்கள் முன்னால் கார்டு படித்து அச்சடித்துக் காட்டுகிறார்கள். ஒன்று ஜெர்மனியிலிருந்து வந்தது, மற்றொன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலிருந்து. பார்க்க அண்ணன் தம்பி போல இருந்தாலும் ஜெர்மனிக்காரருக்கு 50 ஹெர்ட்ஸ் வேண்டும். அமெரிக்க மின்சாரத்தை மாற்றிக் கொடுத்துத்தான் அதை ஓட்ட வேண்டியிருந்தது.

1401 பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1959 அக்டோபர் 5 அன்று அறிவிக்கப்பட்டு, பத்தாயிரத்துக்கும் மேல் உற்பத்தியான கணினி அது. இவ்வளவு எண்ணிக்கையில் வந்த ஒன்றில், கையிலிருப்பது எது என்று எப்படிப் பிரித்தறிவது? வாங்குபவர் தேவைக்கேற்ப அதைக் கட்டிக்கொடுத்தார்கள் என்பது இங்கே உதவுகிறது. நினைவகம் 1,400 எழுத்திலிருந்து 16,000 எழுத்துவரை பல அளவுகளில் கிடைத்தது. பெருக்கவும் வகுக்கவும் தனிச் சுற்று வேண்டுமானால் கூடுதல் காசு. எந்த வசதிகள் இருக்கின்றன, எவை இல்லை என்ற கூட்டு ஒரு அங்க அடையாளம் மாதிரி. பழைய வாடகை ரசீதிலோ, அலுவலகக் கோப்பிலோ அதே கூட்டு எழுதியிருந்தால் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். அது மட்டுமே ஆதாரமாகாது. ஆனால் வலுவான துணைச் சாட்சி.

வாடகை ரசீது என்றேன். அதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் மெயின்ஃபிரேமை விலைக்கு வாங்கியவர்கள் குறைவு. 1956இல் அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட சட்ட உடன்பாட்டுக்குப் பிறகுதான் ஐபிஎம் தன் இயந்திரங்களை விற்கவும் வேண்டியதாயிற்று. அதன் பிறகும் வாடகைதான் பெருவழக்கு. 1401க்கு மாதம் 2,500 டாலரில் தொடங்கியது. வாடகை முடிந்தால் பெட்டி திரும்பி வரும், துடைத்துப் புதுப்பிப்பார்கள், வேறொருவருக்குப் போகும். 'இந்த இயந்திரம் எங்கள் நிறுவனத்தில் இருந்தது' என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் சொல்வது பெரும்பாலும் கடைசி வீட்டை. பிறந்த வீட்டை அல்ல.

இந்தியாவுக்கு வந்த 1401கள் பலவற்றின் கதை இதுதான். வெளிநாட்டில் உழைத்துத் திரும்பிய இயந்திரங்களைக் கொண்டுவந்து, பம்பாயில் புதுப்பித்து, இங்கே வாடகைக்கு விட்டார்கள். உலகம் அடுத்த தலைமுறைக் கணினிக்குப் போன பிறகும் நம் நாட்டில் 1401 ஓடிக்கொண்டிருந்தது. 1970களின் நடுவில் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவரை இந்த விவகாரம் போனது. 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது அந்த இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை அரசு நிறுவனமான சிஎம்சியிடம் வந்தது. ஆகவே ஓர் இந்திய 1401இன் மூலத்தைத் தேடுபவருக்கு இந்தியக் கோப்புகள் பாதி வழிதான் காட்டும். மீதிப் பாதி கடல் தாண்டிக் கிடக்கிறது.

இதுவரை ஒரு பெட்டியின் பயணத்தைப் பார்த்தோம். வடிவமைப்பின் வம்சம் வேறு விஷயம். முகப்பில் எழுதியிருக்கும் நிறுவனம்தான் அதை உருவாக்கியது என்று நம்பிவிடக் கூடாது. அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் 301 என்று ஒரு கணினி செய்தது. அதுவே பிரிட்டனில் ஐசிடி 1500, பிரான்சில் புல் காமா 30, ஜப்பானில் ஹிட்டாக் 3010. ஒரே குழந்தைக்கு நான்கு வீட்டில் நான்கு பெயர். அதே நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரா 70உம் அப்படித்தான், ஜெர்மனியில் சீமென்ஸ் 4004 ஆனது. பிரிட்டனின் பெருமையாகப் பேசப்படும் ஐசிடி 1900 வரிசையின் வேர் கனடாவில் இருக்கிறது. டொராண்டோவில் ஃபெராண்டி-பேக்கார்டு உருவாக்கிய எஃப்பி-6000தான் அதன் தாய்.

இந்த வம்சத் தேடல் நம்மையும் தொடுகிறது. 1955இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு ஹெக்-2எம் என்ற கணினி வந்தது. இந்தியாவுக்கு வந்த முதல் மின்னணுக் கணினி என்று குறிப்பிடப்படுவது அது. அனுப்பியது பிரிட்டிஷ் டேபுலேட்டிங் மெஷின் நிறுவனம். தகட்டைப் பார்த்தால் கதை அதோடு முடிந்துவிடும். ஆனால் அந்த நிறுவனம் கணினித் துறையில் கால் வைத்ததே லண்டன் பர்க்பெக் கல்லூரியின் ஆண்ட்ரூ பூத் செய்த வடிவமைப்பை எடுத்துக்கொண்டுதான். குறைந்த காசில் கணினி செய்ய வேண்டும் என்று மெனக்கெட்ட மனிதர் அவர். அவருடைய சுற்றுகளிலிருந்து பிறந்த முதல் ஹெக் மாதிரி இன்றும் இங்கிலாந்தில் பாதுகாப்பாக இருக்கிறது.

தகடும் சிப்பும் மின்சாரமும் சொல்லாததைக் காகிதமும் மனிதர்களும் சொல்வார்கள். ஹார்வெல் டெக்கட்ரான் என்ற கணினியின் கதையை இதற்காகவே விரிவாகச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தில் அதைக் கட்டத் தொடங்கியது 1949இல். 1951இல் ஓடத் தொடங்கியது. 2.5 டன் எடை. டெக்கட்ரான் என்ற வாயு நிரம்பிய குழாய்களில் எண்களைச் சேமிக்கும். உள்ளே மினுக்கும் புள்ளியைப் பார்த்து என்ன எண் என்று கண்ணாலேயே படித்துவிடலாம். வேகம் மிகக் குறைவு, ஒரு பெருக்கலுக்கே சில விநாடிகள் ஆகும். ஆனால் களைப்பே கிடையாது. ஆள் இல்லாமல் நாள்கணக்கில் பிழையில்லாமல் கணக்குப் போடும். 1957இல் அதைவிட வேகமான கணினிகள் வந்துவிட்டன. ஹார்வெல்காரர்களுக்குத் தூக்கிப்போட மனம் வரவில்லை. இதை நன்றாகப் பயன்படுத்துவோம் என்று யார் சிறப்பாக எடுத்துச் சொல்கிறார்களோ அந்தக் கல்லூரிக்கே கொடுப்பது என்று போட்டி வைத்தார்கள். வென்றது வுல்வர்ஹாம்ப்டனின் தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே போனதும் 'விட்ச்' என்று புதுப்பெயர். சூனியக்காரி என்று பொருள் வரும்படி முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்தார்கள். 1973வரை மாணவர்கள் அதில் படித்தார்கள்.

பிறகு பர்மிங்ஹாம் அறிவியல் அருங்காட்சியகம். 1997இல் அந்த அருங்காட்சியகமே மூடப்பட்டது. கணினியைப் பிரித்துக் கிடங்கில் அடுக்கினார்கள். அத்தோடு பொதுப் பார்வையிலிருந்து மறைந்துவிட்டது.

பல வருடங்கள் கழித்து, கிடங்குப் பொருள்களின் புகைப்படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார் கெவின் மரல். பிளெட்ச்லியில் உள்ள தேசியக் கணினி அருங்காட்சியகத்தின் அறங்காவலர். படத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பலகை தெரிந்தது. பதின்ம வயதில் பர்மிங்ஹாமில் தான் பார்த்து நின்ற அதே கணினியின் பலகை என்று அடையாளம் கண்டுகொண்டார். 2009இல் பாகங்கள் பிளெட்ச்லிக்கு வந்தன. மூன்று ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 2012 நவம்பர் 20 அன்று மீண்டும் ஓடியது. வடிவமைத்தவர்களில் டெட் குக்-யார்பரோவும் டிக் பார்ன்ஸும் அன்று அங்கே வந்திருந்தார்கள்.

இந்தக் கணினியின் மூலப்பத்திரத்தில் ஒரு கண்ணிகூட விட்டுப்போகவில்லை. ஹார்வெல், வுல்வர்ஹாம்ப்டன், பர்மிங்ஹாம், கிடங்கு, பிளெட்ச்லி. இருந்தாலும் அறுந்துபோகத் தெரிந்தது. ஒரு பையன் கண்ணில் பதிந்த உருவம் அதைக் காப்பாற்றியது. வயதானவர்களிடம் போய்க் கேளுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம். ஆபரேட்டராக இருந்தவர், கார்டு குத்தியவர், இரவுப் பணியில் டேப் மாற்றியவர், ஏசி பழுதுபார்க்க வந்தவர் எல்லோரும் சாட்சிகள்தான்.

முழு இயந்திரமும் கிடைக்காமல் ஒரு துண்டு மட்டும் கிடைப்பதும் உண்டு. கேம்பிரிட்ஜில் 1949 மே 6 அன்று முதல் கணக்கைப் போட்ட எட்சாக் கணினியை 1958இல் பிரித்துவிட்டார்கள். சுமார் 3,000 வால்வுகள் கொண்ட அந்த இயந்திரத்தைப் பிளெட்ச்லியில் மறுபடி கட்டத் தொடங்கியபோது கையில் இருந்தவை பெரும்பாலும் புகைப்படங்கள்தான். 2014இல் 19 வரைபடங்கள் வெளியே வந்தன. 1959இல் அந்த ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த பொறியாளர் ஒருவர், குப்பைக்குப் போகவிருந்தவற்றை எடுத்து வைத்திருந்தார். அடுத்த ஆண்டே அசல் எட்சாக்கின் இரும்புச் சட்டகம் ஒன்று அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், பென்சில்வேனியாவில் ஒருவரிடமிருந்து வந்து சேர்ந்தது. கேம்பிரிட்ஜில் பிரித்த இரும்பு அமெரிக்காவில் இருக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்? 40 பலகைகளாக நின்ற அமெரிக்காவின் பழைய கணினி எனியாக்கும் இன்று வாஷிங்டனில் கொஞ்சம், பிலடெல்பியாவில் கொஞ்சம், மிச்சிகனில் கொஞ்சம் என்று பிரிந்துதான் கிடக்கிறது.

உங்கள் கல்லூரி ஸ்டோர் ரூமிலோ, தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் முதலில் துடைக்காதீர்கள். இருந்தது இருந்தபடியே நான்கு பக்கமும் படம் எடுங்கள், தகடுகளைக் கிட்டத்தில் எடுங்கள். அழுக்கான ஸ்டிக்கர், பெயின்ட்டில் எழுதிய சொத்து எண், மார்க்கரில் கிறுக்கிய அறை எண் எதையும் உரிக்காதீர்கள். பத்து நிறுவனங்கள் பயன்படுத்தியிருந்தால் பத்தாவது நிறுவனத்தின் ஸ்டிக்கருக்கு அடியில் ஒன்பதாவது இருக்கும். பிளக்கைச் செருகவே செருகாதீர்கள். ஐம்பது வருடக் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) வெடிக்கலாம், வெடித்தால் பக்கத்திலிருக்கும் போர்டும் போகலாம்.

பெட்டியின் கதவுக்கு உள்பக்கம், அடித்தட்டு, கேபிள் ஓடும் பள்ளம் எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். பழுதுபார்த்தவர்கள் அங்கேதான் குறிப்பேட்டைச் செருகி வைப்பார்கள், தேதி, வந்தவர் கையெழுத்து, மாற்றிய பாகம் என்று வரிசையாக இருக்கும். சுற்று வரைபடங்கள் கட்டாகக் கிடைத்தால் அது பெரிய அதிர்ஷ்டம். பெரிய கணினிகளின் வரைபடங்கள் அந்தந்த இயந்திரத்தோடு சேர்ந்தே வந்து, மாற்றம் செய்யும்போதெல்லாம் திருத்தப்பட்டவை. அடியில் சிந்திக் கிடக்கும் பஞ்ச் கார்டுகளையும் பெருக்கித் தள்ளிவிடாதீர்கள். பல நிறுவனங்கள் தங்கள் பெயரை அச்சிட்ட கார்டுகளையே பயன்படுத்தின. தகடு பெயர்ந்து, சீரியல் நம்பர் அழிந்து, கேட்பதற்கும் ஆள் இல்லாமல் போன ஒரு பெட்டி எந்த ஊரில் யாருக்கு வேலை செய்தது என்பதை அந்த ஒரு கார்டின் ஓரத்தில் படித்துவிடலாம்.